தரையில் போவது கணக்கில் சேராது

பெயர் வேண்டாம். இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்று சண்டை பிடிப்பார். ஒன்றரை மணி நேரம் என்பது அவருடைய கணக்கு. ஐதராபாத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேர உண்மையில் ஒரு பகல் முழுக்கவோ ஓர் இரவு முழுக்கவோ ஆகும். அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விட எனக்கு அவகாசம் இருக்கும். இருந்தாலும் பெயர் வேண்டாம். பெரியம்மா என்றே சொல்கிறேன். ரத்த உறவு ஒன்றும் இல்லை, பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் பேசுவதெல்லாம் எங்கள் வீட்டு அடுப்படியில் தெளிவாகக் கேட்கும். அவரைப் பற்றி எழுத இதைவிடப் பெரிய தகுதி எனக்கு இல்லை.

எங்கள் ஊர் புதுச்சேரிப் பக்கம், வில்லியனூருக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி நான்கு தெரு, மீதியெல்லாம் கரும்பும் நெல்லும் புதிதாகப் போட்ட மனைகளும். எங்கள் பக்கத்தில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எத்தனை பஸ் மாற வேண்டும் என்றுதான் சொல்வார்கள். திருபுவனை ஒரு பஸ். பாகூர் இரண்டு பஸ். கரையாம்புத்தூர் என்றால் இரண்டு பஸ்ஸும் கொஞ்சம் பிரார்த்தனையும். பாகூர் போகிற வழியில் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி வரும். பஸ் ஜன்னலில் சாராயக் கடைகள் திடீரென்று குறைந்தால் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறோம், திடீரென்று கூடினால் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று பொருள். இப்படிப்பட்ட ஊரில் தூரத்தை விமான நேரத்தில் அளந்த ஒரே ஆள் பெரியம்மாதான்.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஐதராபாத்துக்குச் சின்ன விமானம் ஒன்று விட்டார்கள். ரெக்கையில் காத்தாடி சுற்றும் வகை. ஊரில் எல்லாரும் அதை வேடிக்கை பார்த்தார்கள், பெரியம்மா மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார். துபாய் நாலு மணி நேரம். சிங்கப்பூர் அதைவிடக் கொஞ்சம் கூட. பாரிஸ் பத்து மணி நேரம். தெருக்கோடி சொல்தா வீட்டுப் பையன் பாரிஸுக்குப் போனவன், பல வருடமாகத் திரும்பியே வரவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தாத்தாவின் பென்ஷன் வரும் வீடு அது, பையன்தான் வருவதில்லை. அவனுடைய அம்மா கோயில் வாசலில் நின்று கண் கலங்கும்போதெல்லாம் பெரியம்மா போய் ஆறுதல் சொல்வார். பத்தே மணி நேரந்தானேம்மா, சாப்ட்டுத் தூங்கி எழுந்தா வந்துடுவான் என்பார். அந்த அம்மாவுக்கு அதற்குப் பிறகு அழுகை கூடும்.

இந்த அறிவை அவர் தன் சொந்தக் குடும்பத்தில் பயன்படுத்தியதுதான் சங்கதி.

பெரியம்மாவுக்கு ஒரே மகள். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். திருபுவனையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அட்டை ஒட்டும் வரிசையில் நின்றே மகளைப் படிக்க வைத்தார். அந்தப் பெண்ணுக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த இடத்திலேயே மாப்பிள்ளையும் கிடைத்தான். செகந்திராபாத்தில் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் தமிழ்க் குடும்பம், நம்ம வேதக்காரர்கள்தான். அவன் பேசும் தமிழில் பாதி தெலுங்கு என்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெரியம்மாவின் தம்பி ஒருவர் பாகூரில் இருந்தார். எங்களுக்கெல்லாம் மாமா. பெண்ணுக்குத் தாய்மாமன் என்பதால் குறை கண்டுபிடிப்பது அவருடைய கடமை. பாகூரிலேயே ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பெண்ணை எட்டாக்கையில் கட்டிக் கொடுக்கிறாயே, ஆத்திர அவசரத்துக்கு யார் ஓடுவது என்று கேட்டார்.

"பாகூருக்கு நான் வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஐதராபாத்துக்கும் ஒன்றரை மணி நேரம். ரெண்டும் ஒரே தூரந்தாண்டா" என்றார் பெரியம்மா.

மாமா விடவில்லை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, நெருங்கிய ரத்த உறவா என்பது போன்ற சமாச்சாரங்களுக்காக ஏற்பட்ட வழக்கம். நான் பிறந்ததிலிருந்து யாரும் போய்த் தடை சொல்லிப் பார்த்ததில்லை. இரண்டாவது ஓலை முடிந்ததும் மாமா நேராகச் சாமியார் அறைக்குப் போய்த் தடை இருக்கிறது என்றார். சாமியார் பயந்து கதவைச் சாத்தப் போனார். தடை என்னவென்றால் மாப்பிள்ளை வெகு தூரத்தில் இருக்கிறான் என்பது. எவ்வளவு தூரம் என்று சாமியார் கேட்டதற்கு, பின்னாலேயே வந்து நின்ற பெரியம்மா பதில் சொன்னார். ஒன்றரை மணி நேரம் சாமி. மாதம் ஒருமுறை தன் அம்மாவைப் பார்க்க மூன்று பஸ் மாறிப் போகும் சாமியார், இது பக்கத்து ஊர்தானேப்பா என்று சொல்லி மாமாவை அனுப்பிவிட்டார். திருச்சபைச் சட்டத்தில் தூரம் ஒரு தடை இல்லையாம்.

கல்யாணம் முடிந்து மகளைக் கார் ஏற்றும்போது பெண் அழுதது. எல்லாப் பெண்களும் அழுவதுதான். பெரியம்மா அழவில்லை. மகளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நீ ஒரு போன் பண்ணு கண்ணு. ஒன்றரை மணி நேரத்துல அம்மா வந்து நிப்பேன்." மாமாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார், ஆனால் அது பாதி மாமாவுக்கும் சேர்த்துத்தான்.

முதல் பயணத்துக்கு நான்தான் பைக்கில் லாஸ்பேட்டை கொண்டுபோய் விட்டேன். மகளுக்குக் கருவாடு பிடிக்கும் என்று கடலோரம் நல்லவாட்டுக்குப் போய் வாங்கி, ஏழெட்டு கவரில் சுற்றி, பையின் அடியில் வைத்திருந்தார். சுற்றியும் பயனில்லை. வழி நெடுக சிக்னலில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பையைச் சோதித்த வடநாட்டுக்காரர் ஒரு கவரைப் பிரித்ததும் அவசரமாக மூடி உள்ளே அனுப்பிவிட்டார் என்று திரும்பி வந்து பெருமையாகச் சொன்னார்.

அந்தப் பயணத்தை அவர் தெருவில் விவரித்தது ஒரு திருவிழா. மேலே போனதும் ஊசுட்டேரி ஒரு தாம்பாளம் மாதிரி தெரிந்ததாம். மேகம் ஜன்னலை உரசியதாம். உட்கார்ந்தோம், ஒரு காபி கொடுத்தார்கள், இறங்கு என்றார்கள், அவ்வளவுதானாம். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இங்கிருந்து விமான நிலையம் போனது, அங்கே காத்திருந்தது, அந்தப் பக்கம் இறங்கி ஊருக்குள் போனது எல்லாம் சேர்த்தால் விடிந்து கிளம்பி விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தானே போய்ச் சேர்ந்தாய் பெரிம்மா என்று கேட்டுவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "தரையில போறதெல்லாம் கணக்குல சேராதுடா" என்றார். சாம்பார் சாதத்தில் அரிசியை மட்டும் எண்ணிவிட்டுச் சாம்பாரை விட்டுவிடுவது போல ஒரு கணக்கு. ஆனால் சொன்ன விதத்தில் தெரு மொத்தமும் தலையாட்டியது.

அதற்குப் பிறகு வருடத்துக்கு மூன்று நான்கு முறை போய்வந்தார். தம்பி இருக்கும் பாகூருக்கு ஈஸ்டருக்கு ஒரு தடவை போவதே அதிகம். ஒரே தூரம் என்று சொன்னவர், ஒரே மாதிரி போகவில்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் விமான நிலைய வாசலில் இறக்கிவிடுவேன். அவருடைய பையின் கைப்பிடியில் முதல் பயணத்தில் விமானக் கம்பெனிக்காரர்கள் கட்டிய சீட்டு அப்படியே தொங்கும். அதை அவிழ்க்கவே மாட்டார். தண்ணீர் எடுக்கப் போகும்போது கூட அந்தப் பையை எடுத்துப் போகாத குறைதான். போகப்போகச் சாமான்கள் கூடின. கருவாடு, ஊறுகாய் ஜாடி, உரித்த தேங்காய் ஒரு மூட்டை, ஒரு தடவை இட்லிக் குண்டான். இத்தனையும் விமானத்தில் ஏற்றுவார்களா, எடை பார்க்க மாட்டார்களா என்று கேட்டேன். அங்க நம்மள எல்லாருக்கும் தெரியும் என்றார். நானும் நம்பினேன். திருபுவனையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான்.

ஒருநாள் காலையில் அப்படி லாஸ்பேட்டையில் இறக்கிவிட்டு வந்தேன். சாயங்காலம் என் மச்சானை ரயிலேற்ற விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்துக் கடைசியில், தேங்காய் மூட்டையின் மேல் உட்கார்ந்து, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பெரியம்மா. பக்கத்தில் பை. பையில் விமானச் சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் ஒரு வாய் சாதம் அப்படியே நின்றது. பிறகு விழுங்கிவிட்டு, திருடனைப் பிடித்தவர் போல என்னையே அதட்டினார். "நீ இன்னாத்துக்குடா இங்க வந்த?"

அன்றைக்குத்தான் முழுக் கதையும் தெரிந்தது. விமானத்தில் போனது அந்த முதல் தடவை மட்டும். ஐப்பசி மாத மேகத்துக்குள் அந்தக் காத்தாடி விமானம் போட்ட ஆட்டத்தில் அவருக்கு உயிர் போய் வந்திருக்கிறது. ஏறியதிலிருந்து இறங்கும் வரை கண்ணையே திறக்கவில்லை. ஊசுட்டேரி தாம்பாளம் மாதிரி தெரிகிறது என்று சொன்னது பக்கத்து சீட்டுப் பெண். காபியை வேண்டாம் என்று கையை ஆட்டக்கூடத் தைரியமில்லாமல் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். திரும்பி வந்ததே ரயிலில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், நான் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் வரை நின்று கையாட்டிவிட்டு, என் பைக் வளைவில் மறைந்ததும் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து விழுப்புரம், அங்கிருந்து ராத்திரி முழுக்க ரயில்.

"மேல போயிட்டா கால் வக்க எடமே இல்லடா" என்றார். கேலி செய்ய எனக்கு நாலு வார்த்தை தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு அவரே தாழ்ந்த குரலில் சொன்னார். "உங்க மாமனுக்குத் தெரிஞ்சா எட்டாக்கைன்னு சொன்னது சரிதான்னு ஆயிடும். அவளுக்குத் தெரிஞ்சா அம்மா வந்துடும்ன்ற தெம்பு பூடும். நீ எதையும் பாக்கல, போ."

நான் எதையும் பார்க்கவில்லை. அதோடு நிற்காமல் பெரிய மனதோடு பயண ஏற்பாட்டையே மாற்றிக் கொடுத்தேன். திருபுவனைக்கு நான் ஷிப்டுக்குப் போகும் வழிதான் விழுப்புரம் ரோடு. விமான நிலையம் போகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டு, ஊர் எல்லை தாண்டியதும் மேற்கே திரும்பி, கம்பெனி வாசலில் இறக்கி விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். விமானக் கம்பெனிக்கே வேலை செய்வது போல எனக்கு ஒரு கம்பீரம் வந்திருந்தது. மகள் எனக்குப் போன் செய்து, அண்ணே, அம்மா ஏறிடுச்சா என்று கேட்கும். ஏறிடுச்சிம்மா என்பேன். எதில் என்று அவள் கேட்டதில்லை.

கொஞ்ச காலத்தில் அந்தச் சின்ன விமானத்தையே நிறுத்திவிட்டார்கள். தெரு மொத்தமும் பெரியம்மாவுக்காக வருத்தப்பட்டது. மாமா அதற்காகவே பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வருத்தப்பட்டார். பெரியம்மா அசரவில்லை. இனிமேல் மெட்ராஸ் போய் ஏறிக்கொள்வேன் என்றார். மெட்ராஸ் போக நாலு மணி நேரம் ஆகுமே என்று மாமா கேட்டதற்கு, தரையில் போவது கணக்கில் சேராது என்ற பழைய பதிலே வந்தது.

மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். ஆனால் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்ததால் டாக்டர் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒன்பதாம் மாதம் பெரியம்மா அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. மாமா இதை விடுவாரா? முதல் பிரசவத்தைக் கூட அம்மா வீட்டில் பார்க்க முடியவில்லை பார் என்று ஆரம்பித்தார். பெரியம்மா அன்று மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

எட்டாம் மாதக் கடைசியில் ஒரு காலை. மாமா பாகூரிலிருந்து முருங்கைக் கீரையும் முட்டையும் கொண்டுவந்திருந்தார், அக்கா எடுத்துப் போகட்டும் என்று. அப்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து போன். அழுத்தம் மிக அதிகமாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், வலிப்பு வந்துவிடக் கூடாது என்பதால் சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் சொல்லவில்லை என்பதை அவன் தன் பாதித் தமிழில் சொல்லத் தெரியாமல் சொன்னான். பெரியம்மா பையை எடுத்தார். கருவாடு இல்லை, தேங்காய் இல்லை. இரண்டு புடவை, ஒரு ஜெபமாலை.

நான் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நண்பனுடைய காரைக் கேட்டு வாங்கி வந்தேன். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. ஏரோப்ளான் ஏத்தி வுட்டுட்டு வரேன் என்று மாமாவும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா பின்னால். நான் போக வேண்டியது விழுப்புரம் ஜங்ஷனா, மெட்ராஸ் விமான நிலையமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரயில் சாயங்காலம்தான். அதில் போனால் நாளைக் காலையில்தான் சேர முடியும். அது அவருக்கும் தெரியும்.

வில்லியனூர் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அது திறந்திருந்த நாளைத்தான் ஊரில் நினைவு வைத்திருப்பார்கள். கேட்டைத் தாண்டினால் மெயின் ரோடு. இடது பக்கம் விழுப்புரம், வலது பக்கம் புதுச்சேரி, அங்கிருந்து மெட்ராஸ். வண்டியை நிறுத்தினேன். என் போன் அடித்தது. நண்பனுடைய காரில் போன் தானாகவே ஸ்பீக்கரில் சேர்ந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. நான் எடுத்ததும் மகளுடைய குரல் கார் முழுக்கக் கேட்டது. மூச்சு வாங்கப் பேசினாள்.

"அண்ணே, அவரு போன வாங்கிப் பேசறேன். அம்மாவ ஃப்ளைட்ல ஏத்திடாத. அதுக்கு மேல போறதுன்னாலே பயம். நானு நல்லாத்தான் இருக்கேன். ட்ரெயின்லயே வரட்டும்."

நான் என்னென்னவோ பட்டனை அமுக்கினேன். பாட்டு வந்தது, ஏசி கூடியது, குரல் நிற்கவில்லை.

"எல்லாத் தரமும் ட்ரெயின்லதான் வரும்ணே, எனக்குத் தெரியாதா? வந்து எறங்கச்சொல்ல காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும். ஒன்றரை மணி நேரத்துல யாருக்குண்ணே காலு வீங்கும்? சொன்னா மொகம் சுண்டிப் பூடும்னு நானும் கண்டுக்கல. நீயும் கண்டுக்காத, சரியா?"

சரிம்மா என்று எப்படியோ சொன்னேன். போன் நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் பாசஞ்சர், போதாக்குறைக்கு, ஒவ்வொரு பெட்டியாக நிதானமாகப் போனது. என் வாழ்நாளில் அந்தக் கேட் திறக்க வேண்டும் என்று அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. மாமா பின்னால் திரும்பி, ட்ரெயின்லயாக்கா போன இத்தினி நாளும் என்று கேட்டார். பல வருடமாக அவர் காத்திருந்த வெற்றி அது. ஆனால் கேட்ட குரலில் வெற்றி எதுவும் இல்லை. பெரியம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமாடா?"

அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது பெரிம்மா என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அந்த விஷயத்தில் முதல் முறையாக. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட் திறந்தது. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. மெயின் ரோட்டில் ஏறி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"வலது பக்கம் வுடு. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு டிக்கெட்டு எடுக்கச் சொல்லு."

"பெரிம்மா, அவளே ட்ரெயின்ல வரச் சொல்லிட்டா."

"அவ சொல்லுவா. கண்ணத் தொறந்தா நானு நிக்கணும். வுடுடா."

வழியிலேயே மாப்பிள்ளை மத்தியான விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். திண்டிவனம் தாண்டியதும் மாமா பின்னால் திரும்பி, ஜன்னல் ஓரம் ஒக்காராதக்கா என்றார். விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலரிடம் மாமா போய், தமிழிலேயே, மொதோ தரமா ஏரோப்ளான்ல போவுது, கொஞ்சம் பாத்துக்குங்க என்று கெஞ்சினார். காவலருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெரியம்மாவுக்குப் புரிந்தது.

"மொதோ தரம் இல்ல" என்றார். "ரெண்டாவது தரம்."

அத்தனை வருடங்களில் பயணத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் சரியான எண் அது. பையில் தொங்கிய பழைய சீட்டைப் பிய்த்து, குப்பையில போடு என்று என் கையில் கொடுத்தார். உள்ளே போகும்போதே ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கிவிட்டது வெளியில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.  மாமா வெளிப்படையாகவே அழுதார்.

விமானம் இறங்கியிருக்கும் என்று நம்பும் வரை மாமா வாசலை விட்டு நகரவில்லை. திரும்பி வரும்போது தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நின்றுவிட்டன. ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, நகராத வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. இந்தத் தடவை ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியே விட்டேன்.

ஆபரேஷனைச் சீக்கிரமே செய்துவிட்டார்களாம். பெரியம்மா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மகள் மயக்கத்தில் இருந்திருக்கிறாள். ஆண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பயமில்லை என்கிறார்கள். மகள் கண் திறந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, பேசத் தெம்பில்லாமல், முதலில் தலையைக் கட்டில் ஓரத்துக்குத் திருப்பி அம்மாவின் கால்களைப் பார்த்தாளாம்.

"காலு வீங்கலடா" என்றார் பெரியம்மா.  மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பழைய குரல் வந்துவிட்டது. "உங்க மாமன் பக்கத்துல இருக்கானா? மேல ஏறனதுலருந்து எறங்கற வரிக்கும் ஒன்னே கால் மணி நேரந்தான். கண்ண முழிச்சிகினு வாட்ச்சப் பாத்துகினே வந்தேன். சொல்லு அவன்கிட்ட."

மாமா டேஷ்போர்டைப் பார்த்துக் குனிந்து, அதுதான் ஐதராபாத் என்பது போலச் சத்தமாகச் சொன்னார். "அப்ப பாகூர விடக் கிட்டதாங்க்கா."

நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். சொல்தா வீட்டு அம்மாவும் இருந்தார். மகளும் பிள்ளையும் நல்லபடி என்று சொன்னோம். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். போய்ச் சேர எத்தனை நேரம் ஆச்சு என்று அந்த அம்மாதான் கேட்டார். மாமா சொல்வார் என்று பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து மெட்ராஸ், அங்கே காத்திருந்தது, அந்தப் பக்கம் இறங்கி ஆஸ்பத்திரி வரை போனது, எல்லாவற்றையும் வழக்கம்போலக் கூட்டிச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒன்னே கால் மணி நேரம்" என்றேன்.